பவுலின் கடிதம் போய்ச் சேர்ந்த ஊர்

திங்கள், கவாலா

"நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி நகரத்துச் சபையாருக்கு எழுதின நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும், மனநிறைவைச் சொல்லும் இந்த வசனத்தை, எனக்கு வேலை போன பிறகு அனுப்பிவைக்காத நண்பர்கள் குறைவு. எல்லோரும் அன்போடுதான் அனுப்பினார்கள். நானும் நம்பிக்கையோடுதான் படித்தேன். ஆனாலும் இரவில் தூக்கம் கலைந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளைகளில் அந்த வசனம் எனக்கு எட்டாத உயரத்தில் நின்றது. பிறகு ஒருநாள் அதன் கடைசிச் சொல் கண்ணில் பட்டது. கற்றுக்கொண்டேன் என்கிறார். அப்படியானால் அவருக்கும் அது தெரியாத ஒரு காலம் இருந்திருக்கிறது. பாடம் நடந்த இடங்களும் இருந்திருக்கும். அந்த இடங்களைப் பார்க்கவே கிரேக்க நாட்டின் வடபகுதிக்கு வந்திருக்கிறேன்.

உடன் வந்திருப்பது அக்கா. டிக்கெட் இரண்டையும் எடுத்ததும் அவள்தான். இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்றைக்கு அது எளிதாக வரவில்லை.

தெசலோனிக்கேயிலிருந்து பஸ்ஸில் வந்தோம். கவாலா மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் துறைமுக நகரம். புதிய ஏற்பாட்டில் லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் நெயாப்போலி என்று வருவது இதுதான். பைசாந்தியப் பேரரசின் காலத்தில் இதற்குக் கிறிஸ்துபோலிஸ் என்று பெயர். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணை நிறைப்பது 60 வளைவுகளோடு நிற்கும் பழைய நீர்ப்பாலம். அதைக் கடந்து துறைமுகப் பக்கம் இறங்கினால் புனித நிக்கொலாஸ் ஆலயம். அதன் அருகே பவுல் கரையிறங்கும் காட்சியை வண்ணக்கல் ஓவியமாக அமைத்திருக்கிறார்கள். ஒருபுறம் தரிசனத்தில் அவரைக் கூப்பிடும் மக்கெதோனியன், மறுபுறம் கப்பலிலிருந்து கால் எடுத்துவைக்கும் அப்போஸ்தலர். வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அக்கா வேதாகமத்தைத் திறந்து இரண்டு இடங்களை எடுத்துக் காட்டினாள். ஆசியக் கரையிலுள்ள துரோவாவிலிருந்து பவுலோடு புறப்பட்ட கப்பல் முதல்நாள் சாமோத்திராக்கே தீவு, மறுநாள் நெயாப்போலி என்று விரைந்து வந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே கடலில் திரும்பிப் போனபோது ஐந்து நாள் ஆயிற்று. "லூக்கா இரண்டையும் ஒரே குரலில் எழுதுகிறார் பார்" என்றாள். உண்மைதான். காற்று சாதகமாக வீசியதற்கு ஆரவாரம் இல்லை. வீசாததற்குப் புலம்பலும் இல்லை.

செவ்வாய், பிலிப்பி

கவாலாவிலிருந்து பிலிப்பி 15 கிலோமீட்டர்தான். திராமா நகருக்குப் போகும் பஸ் வழியில் நம்மை இறக்கிவிடுகிறது. 2016 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம் இது. ஆனால் இன்று காலை நாங்கள் போனபோது ஆட்கள் அதிகம் இல்லை.

முதலில் சுற்றிலும் பார்த்தேன். சமவெளிக்கு அப்பால் தென்மேற்கே பங்கையோன் மலை. இந்த ஊர் எழுந்த காரணமே அங்கும் இந்தச் சுற்றுப்புறத்திலும் இருந்த பொன். கிரெனிதெஸ் என்ற சிறு குடியேற்றமாக இருந்ததை கி.மு. 356இல் மக்கெதோனிய அரசர் இரண்டாம் பிலிப்பு எடுத்துக்கொண்டு தன் பெயரைச் சூட்டினார். இங்கிருந்த சுரங்கங்களின் வருமானத்தை ஆண்டுக்கு 1,000 தாலந்துக்கு மேல் அவர் உயர்த்தினார் என்று டியோடோரஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பொன்னில் அடித்த நாணயங்களும் அவருடைய பெயராலேயே அழைக்கப்பட்டன. பிறகு கி.மு. 42இல் இதே சமவெளியில் அந்தோனியும் ஒக்டேவியனும் ஒரு பக்கம், புரூட்டஸும் காசியஸும் மறு பக்கம் நின்று போரிட்டார்கள். வென்றவர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு இங்கே நிலம் பங்கிட்டு ரோமக் குடியேற்றமாக்கினார்கள்.

பொன், நிலம், ரோமக் குடியுரிமை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஆசைக்கு வேண்டிய எல்லாம் இருந்த ஊர். மனரம்மியத்தைப் பற்றிய அந்த வரிகள் மடத்தில் வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டவை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தத் தெருக்களில் விற்று வாங்கியவர்களுக்கு எழுதப்பட்டவை அவை.

மன்றத்துக்குப் போனோம். அகலமான சதுக்கம், பளிங்குத் தரை, இடிந்த தூண்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவது பவுலின் காலத்துக்குச் சுமார் நூறாண்டுக்குப் பின் புதுப்பித்துக் கட்டியது. அவர் நின்ற தரை இதற்கு அடியில் இருக்கிறது. இந்தச் சந்தைவெளிக்குத்தான் அவரையும் உடன் ஊழியர் சீலாவையும் இழுத்துவந்தார்கள். குறிசொல்லிச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண் விடுதலையடைந்துவிட்டாள். அவளுடைய எஜமான்கள் "தங்கள் ஆதாயத்து நம்பிக்கை அற்றுப்போயிற்றென்று" கண்டார்கள். சொல்லப்பட்ட குற்றச்சாட்டு வேறு. உண்மையான காரணம் வருமானம்.

மேலே, பழைய பேராலயத்தின் இடிபாடுகளுக்கு அருகில், பவுலின் சிறை என்று காட்டப்படும், கல்லால் ஆன சிறிய அறை ஒன்று இருக்கிறது. ரோமர் காலத்துத் தண்ணீர்த்தொட்டியாக இருந்திருக்க வேண்டும் என்பதே அகழாய்வாளர்களின் கருத்து. பின்னாளில் விசுவாசிகள் அதைச் சிற்றாலயமாக்கிச் சுவரில் ஓவியமும் தீட்டியிருக்கிறார்கள். உண்மையான சிறை இதுவாக இல்லாவிட்டால் எனக்குக் குறையொன்றும் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் எங்கோ ஓர் உட்காவலறை இருந்தது. அடிபட்ட முதுகோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும் நடுராத்திரியில் இரண்டு பேர் பாடினார்கள்.

இந்தக் காட்சியை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பாட்டு, நிலநடுக்கம், திறந்த கதவுகள் என்று அது ஓடிவிடும். இன்று அங்கே நின்றபோது அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கதவுகள் எல்லாம் திறந்துகிடக்கின்றன. கட்டுகள் கழன்றுவிட்டன. ஓடிவிடலாம். பவுல் அப்போது இருட்டில் இன்னொரு மனிதனைக் கவனிக்கிறார். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணிப் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறான் சிறைச்சாலைக்காரன். நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம், உனக்குக் கெடுதி செய்துகொள்ளாதே என்று கத்துகிறார். தன் விடுதலையே பெரிதாக இருக்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் இன்னொருவனின் உயிர் கண்ணில் படுமா? நிறைந்த மனத்தின் அடையாளமாக நான் இனி இதைத்தான் எண்ணுவேன்.

மறுநாள் காலை நடந்ததையும் எழுதாமல் விட மாட்டேன். சிறையிலிருப்பவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடும்படி அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் மறுத்துவிடுகிறார். ரோமராகிய எங்களை விசாரணையில்லாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்களும் பயந்துபோய் வந்து அழைத்துக்கொண்டு போகிறார்கள். இரவில் பாடிய அதே மனிதர்தான் காலையில் நியாயம் கேட்கிறார்.

நான் வேலை பார்த்த நிறுவனம் எனக்குச் சேரவேண்டிய நிலுவைத் தொகையை இன்னும் தரவில்லை. "விட்டுவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார், இருப்பது போதுமென்று இரு" என்று சொல்பவர்கள் உண்டு. போதுமென்ற மனத்தை வாய்மூடி இருப்பதோடு சேர்த்துக் கட்டிவிடும் அந்த உபதேசத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. இன்று அதற்கு ஆதாரமாக ஓர் ஊரே கிடைத்திருக்கிறது.

அக்கா கம்பிக்கதவின் அருகில் நின்று ஒரு பழைய கீர்த்தனையை மெல்லப் பாடினாள். எங்களுக்குப் பின்னால் வந்திருந்த யாரோ ஒரு முதியவர், மொழி தெரியாதவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

புதன், லீதியாளின் ஆற்றங்கரை

பிலிப்பியின் மேற்கு வாசலுக்கு வெளியே சற்றுத் தொலைவில் ஜிகாக்டிஸ் என்ற சிறிய ஆறு ஓடுகிறது. ஓய்வுநாளில் பெண்கள் ஜெபத்துக்குக் கூடியது இங்கேதான் என்பது மரபு. 1974இல் கட்டிய எண்கோண வடிவ ஞானஸ்நான ஆலயம் பக்கத்தில் நிற்கிறது. ஆற்றின் ஓரத்தில் உட்காரக் கல்படிகள் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளிவாகவும் நல்ல குளிர்ச்சியாகவும் இருந்தது.

தியத்தீரா ஊராளும் இரத்தாம்பரம் விற்கிறவளுமான லீதியாள். அந்தக் காலத்தில் அந்தச் சாயத்துணி வசதியுள்ளவர்கள் உடுத்துவது. அவளுக்கென்று வீடும் வீட்டாரும் இருந்தார்கள். எந்தக் குறையும் அவளை இங்கே தள்ளிக்கொண்டு வந்ததாக வேதம் சொல்லவில்லை. கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்று மட்டும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றதும் அவள் செய்த முதல் காரியம், என் வீட்டில் வந்து தங்குங்கள் என்று அவர்களை "வருந்திக் கேட்டுக்கொண்டாள்".

"தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று பின்னாளில் பவுல் எழுதியதில் இரண்டாவது பாதியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். வாழ்ந்திருப்பதற்குப் பாடம் எதற்கு என்று தோன்றும். அக்கா பல ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். சொகுசு அறைகளில் படுத்திருந்தவர்களையும் பொது வார்டில் படுத்திருந்தவர்களையும் பார்த்தவள். "இல்லாதவர்கள் எங்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லுவார்கள். எல்லாம் இருந்தவர்களில் சிலருக்குத் தலையணை சரியில்லை என்பதுதான் கடைசிவரை பேச்சு. எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கும்போது நிறைவாக இருப்பது தனிப் படிப்பு" என்றாள். லீதியாள் அந்தப் படிப்பில் தேறியவள் என்று எனக்குப் படுகிறது. அவள் சாயத்துணி வியாபாரத்தை விட்டுவிட்டதாக எங்கும் எழுதியில்லை. வீட்டுக் கதவைத் திறந்துவைத்தாள். சிறையிலிருந்து வெளியே வந்த பவுலும் சீலாவும் போன முதல் இடம் அந்த வீடு.

மதியம் திரும்பவும் இடிபாடுகளுக்குள் போனோம். எண்கோணப் பேராலயத்துக்கு அடியில் அதைவிடப் பழைய ஜெபவீடு ஒன்றின் தரை இருக்கிறது. ஆயர் போர்பிரியோஸ் பவுலின் பெயரால் அமைந்த ஆலயத்துக்கு இந்தத் தரையைச் செய்வித்தார் என்று அதில் வண்ணக்கற்களால் எழுதியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டுக்காரர் அவர். இதே ஊரில் ஆறாம் நூற்றாண்டில் இன்னொரு பெரிய ஆலயத்தைக் குவிமாடத்தோடு எழுப்பினார்கள், குவிமாடம் சரிந்துவிட்டது. பிறகு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நிலநடுக்கம் ஊரையே ஒடுக்கியது. சுரங்கப் பொன் எங்கே போயிற்றோ. கடிதம் மட்டும் இன்று என் கைப்பையில் இருந்தது.

வியாழன், கவாலா

விடியற்காலையிலிருந்து மழை. அறையிலேயே இருந்து பிலிப்பியர் நிருபம் முழுவதையும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினோம். நான்கு அதிகாரம், 104 வசனம். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய கடிதம் இது. துண்டு துண்டாக வாசித்தால் அதிலுள்ள ஆட்கள் மறைந்துபோகிறார்கள்.

எப்பாப்பிரோதீத்து என்றொருவர் வருகிறார். பிலிப்பி சபையார் சேர்த்த உதவியைச் சிறையிலிருந்த பவுலிடம் கொண்டுபோனவர். அந்தக் கடிதம் ரோமிலிருந்து எழுதப்பட்டது என்பது பழைய மரபு. எபேசுவிலிருந்து என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ரோம் என்று வைத்துக்கொண்டால் வியா எக்னாத்தியா என்ற நெடுஞ்சாலையில் மக்கெதோனியா முழுவதையும் கடந்து, அட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, இத்தாலியின் குறுக்கே நடந்து போயிருக்க வேண்டும். அவர் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அவர் பிழைத்ததைப் பற்றிப் பவுல் எழுதும்போது, துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கிறேன் என்று எழுதப்போகிறவர், அதே கடிதத்தில், நண்பர் இறந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்ற பொருளில் எழுதுகிறார். அவருடைய நிறைவு கல்லாகிப்போன மனம் அன்று. யாரும் வேண்டாம், எதுவும் தொடாது என்று ஒதுங்கி நிற்கும் உறுதியை அக்காலத்து ஸ்தோயிக்கர்கள் என்ற தத்துவவாதிகள் போதித்தார்கள். ஏதென்சில் அவர்களோடு பவுல் வாதாடியும் இருக்கிறார். பவுலின் வழி வேறு. அவருக்கு மனிதர்கள் வேண்டும். பிலிப்பி சபைப் பெண்களான எயோதியாளும் சிந்திகேயாளும் ஒத்துப்போகாமலிருப்பது அவரைச் சிறையிலும் உறுத்துகிறது. இருவரையும் பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார்.

அக்காவின் கணவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவள் அழுதால் "விசுவாசமுள்ளவர்கள் இப்படி அழலாமா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அந்த வசனத்தை அவள் இரண்டு முறை வாசித்தாள்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசிய மறுவரியிலேயே வருகிறது. தேர்விலும் போட்டியிலும் வெல்வதற்காக அதை ஓதுகிறார்கள், ஓதட்டும். ஆனால் தோற்றுப்போன நாளுக்காக எழுதப்பட்ட வசனம் அது. என் போன்றவர்களிடமிருந்து அதை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

வெள்ளி, தெசலோனிக்கே

அக்காவின் டிக்கெட்டைப் பற்றி இன்று எழுத முடிகிறது.

பவுல் இந்த நகரத்துக்கு அம்பிபோலி, அப்பொலோனியா வழியாக வந்தார். இங்கே யாருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் கைவேலை செய்ததாகப் பிறகு அவரே எழுதுகிறார். கூடாரம் செய்வது அவர் தொழில். அப்படி உழைத்தும் போதவில்லை. பிலிப்பியிலிருந்து ஒரு முறைக்கு மேல் உதவி அனுப்பியிருக்கிறார்கள். "இரண்டொருதரம்" என்று நன்றியோடு நினைவுகூர்கிறார். நான்காம் அதிகாரத்தின் அந்தப் பகுதி முழுவதுமே ஒரு நன்றிக் கடிதம்தான். நமக்குப் பிடித்த மனரம்மிய வசனம் அதன் நடுவில் இருக்கிறது.

வாங்கிக்கொள்வது எனக்குக் கடினம். சம்பாதித்த காலம் முழுவதும் கொடுக்கிற பக்கத்தில் இருந்தேன். அக்கா பயணச்சீட்டை நீட்டியபோது நெஞ்சு சுருங்கியது. எப்படித் திருப்பித் தருவது என்ற கணக்குதான் முதலில் ஓடியது. பவுலோ கொடுத்தவர்களுக்குக் கடன்பட்டவராகக் குறுகவும் இல்லை, எனக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பவும் இல்லை. "எல்லாம் எனக்குக் கிடைத்தது, பரிபூரணமும் உண்டாயிருக்கிறது" என்று காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். கொடுத்தவர்களின் கணக்கில் பலன் பெருகுவதே தன் மகிழ்ச்சி என்கிறார். அந்தக் கொடையாளர்களும் செல்வந்தர்கள் அல்லர். மக்கெதோனியச் சபைகள் "கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்" அள்ளிக் கொடுத்ததாகக் கொரிந்தியருக்கு எழுதும்போது சொல்கிறார்.

2024 நவம்பரில் திறந்த மெட்ரோவில் ஏறி வெனிசெலு நிலையத்தில் இறங்கினோம். சுரங்கம் தோண்டும்போது வெளிப்பட்ட பழைய நகரத்தின் தெருவையும் கடைவரிசையையும் அங்கேயே காட்சியாக வைத்திருக்கிறார்கள். பவுல் பார்த்த தெருவைவிடப் பிந்தியதுதான். இருந்தாலும் இப்படிப்பட்ட ஒரு தெருவில் ஊசியும் தோலுமாக உட்கார்ந்திருந்தவரிடம், பிலிப்பியிலிருந்து பல நாள் நடந்து வந்த ஒருவர் பணமுடிப்பை நீட்டியதை என்னால் அங்கே நின்று நினைத்துப் பார்க்க முடிந்தது.

"அக்கா, இந்தப் பயணத்துக்கு நன்றி" என்றேன். இதற்குமுன் அதைச் சொல்லவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருந்தேன், அதன் பின்னாலேயே, சீக்கிரம் தந்துவிடுகிறேன் என்பதையும் ஒட்டவைத்திருந்தேன். இன்று ஒட்டவைக்கவில்லை. அக்காவுக்கு வித்தியாசம் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

சனி, வெரியா

வேதத்தில் பெரோயா. தெசலோனிக்கேயிலிருந்து கலகத்துக்குத் தப்பி இரவோடிரவாகப் பவுல் வந்து சேர்ந்த ஊர். அவர் நின்று பேசியதாகச் சொல்லப்படும் பழைய படிகளைச் சுற்றி வண்ணக்கல் ஓவியங்களோடு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் அமைந்த அமைதியான ஊர், கூட்டமில்லை. இங்கிருந்தும் அவரைத் துரத்தினார்கள் என்பதைத் தவிர இன்றைக்கு எழுத அதிகமில்லை. நன்றாக நடந்தோம், நன்றாகத் தூங்கப்போகிறோம்.

ஞாயிறு, தெசலோனிக்கே

காலையில் புனித தெமெத்ரியோஸ் ஆலயத்தில் ஆராதனைக்குப் போனோம். 1917இல் நகரத்தின் பெரும்பகுதியை அழித்த தீயில் எரிந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயம். கிரேக்கத்தில் பாடியது ஒன்றும் புரியவில்லை. கீரியே எலேய்சோன் என்று வந்த ஒவ்வொரு முறையும் ஆண்டவரே இரங்கும் என்று நாங்களும் தமிழில் சேர்ந்துகொண்டோம்.

விமான நிலையத்தில் நேரம் இருந்தது. நிலுவைத் தொகை கேட்டு நிறுவனத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை மடிக்கணினியில் எழுதி முடித்தேன். பணியாற்றிய காலம், வரவேண்டிய தொகை, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பது எல்லாம் தெளிவாக இருந்தது. அக்கா படித்துப் பார்த்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னாள். அது கோபத்தில் எழுதியது. எடுத்துவிட்டு அனுப்பினேன். இப்போது விமானம் ஏற அழைக்கிறார்கள்.